கால்சியத்தின் இடத்தில் காரீயம்

பிப்ரவரி மாதக் கடைசி. ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மருந்துக் கடையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் கால்சியம் மாத்திரை கேட்டார். "பரீட்சை வருதுண்ணா. ராத்திரி படிக்கிறான், காலையில மறந்துடுதுங்கிறான். கால்சியம் குடுத்தா மூளைக்கு நல்லதாமே?" பையன் என்ன சாப்பிடுகிறான் என்று கடைக்காரர் விசாரித்தார். "காலையில களி, ராத்திரி சோறு." "களி சாப்பிடற பையனுக்கு மாத்திரை எதுக்கும்மா?" என்றவர், அவர் கேட்ட பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கேள்வி பல நாள் என் கூடவே இருந்தது. கால்சியத்துக்கும் நினைவுக்கும் உறவு உண்டு. நரம்பியலில் இவ்வளவு நெருங்கி ஆராயப்பட்ட உறவுகள் சிலவே. ஆனால் அது அந்தத் தாய் நினைத்த உறவு அல்ல. மூளைச் செல் கால்சியத்துக்காக ஏங்கி நிற்பதில்லை. உள்ளே நுழைந்ததை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்படித் தள்ளி வைத்திருப்பதால்தான் அதனால் கற்க முடிகிறது. அந்த ஒழுங்கைக் குலைக்கும் ஒரு பொருள் நம்முடைய இந்தத் தொழில் எல்லையில் தாராளமாகப் புழங்குகிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள பெற்றோர் கவலைப்பட வேண்டியது கால்சியம் குறைவதைவிட அந்தப் பொருளைப் பற்றித்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாறு அயனிகள்

உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கும். சற்றுக் குறைந்தால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். கூடினால் சிறுநீரகம் கழித்துவிடும். ஆகவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டால் மூளைக்குக் கூடுதலாக எதுவும் போய்ச் சேராது. நோயால் இரத்தக் கால்சியம் உண்மையிலேயே சரிந்தவர்களுக்கு விரல் இழுப்பு, வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரும். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். பரீட்சைக்கால மறதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நரம்புச் செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியம் ஒன்று முதல் இரண்டு மில்லிமோல் வரை இருக்கும். செல்லுக்குள் கட்டற்றுத் திரியும் கால்சியம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எவ்வளவு குறைவு என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு நரம்புச் செல் இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்குவது தன் கிளைகளில் முளைத்திருக்கும் முள் போன்ற சின்னஞ்சிறு புடைப்புகளில். சராசரி முள் ஒன்றின் கொள்ளளவு ஒரு லிட்டரைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அந்த இடத்தில், செல் ஓய்ந்திருக்கும்போது, கட்டற்ற கால்சியம் அயனிகள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டால் வருகிற விடை: ஏறக்குறைய ஆறு. ஆறு கோடியோ ஆறாயிரமோ அல்ல, ஆறே ஆறு.

இப்படிக் காலியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஊர் அடங்கிய பின்னிரவில் ஒரு நாய் குரைத்தால் தெருவே விழித்துக்கொள்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரத்தில் அதே குரைப்பு யார் காதிலும் விழாது. செல்லுக்குள் கால்சியம் அற்ப அளவில் இருப்பதால்தான் சில நூறு அயனிகள் உள்ளே பாய்ந்தவுடன் செல் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. இன்னொரு காரணம் வேதியியல் சார்ந்தது. செல்லின் எரிபொருள் முழுக்கப் பாஸ்பேட்டைச் சார்ந்தது. கால்சியம் மிகுந்தால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து உறைந்துவிடும், போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதுபோல. எனவே வெளியேற்றும் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. உள்ளே எண்டோபிளாச வலை என்ற கிடங்கு கொஞ்சத்தை வாங்கிப் பூட்டி வைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா கொஞ்சத்தை விழுங்கிக்கொள்கிறது. கால்பைண்டின் போன்ற புரதங்கள் மீதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

செய்தி என்று கால்சியத்தை முதலில் அடையாளம் கண்டது ஒரு குழாய்த் தண்ணீர்க் குழப்பத்தால். லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். சில நாள் துடித்தது, சில நாள் நின்றது. துடித்த நாட்களில் கரைசல் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. நின்ற நாட்களில் காய்ச்சி வடித்த நீரில். குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் வித்தியாசம் என்று 1883-இல் எழுதினார். கடினத் தண்ணீரைத் திட்டிக்கொண்டே குடிக்கும் ஓசூர்க்காரனுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

இரட்டைப் பூட்டு

கற்றல் என்பது மூளைக்குள் என்னவாக நடக்கிறது? 1949-இல் கனடாவின் டொனால்ட் ஹெப் ஓர் ஊகம் சொன்னார்: ஒரு நரம்புச் செல் இன்னொன்றைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் இரண்டுக்கும் இடையிலான இணைப்பு வலுப்படும். 1973-இல் டிம் பிளிஸ், டேரியே லோமோ இருவரும் ஓஸ்லோவில் முயல் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அதை நேரில் காட்டினார்கள். சில விநாடி வேகமான மின்துடிப்புகள் கொடுத்ததும் அந்த இணைப்பு மணிக்கணக்கில் வலுவாக நின்றது. நீண்டகால வலுவூட்டம் என்று இன்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். 1983-இல் கேரி லிஞ்ச் குழுவினர் செய்தியை வாங்கும் செல்லுக்குள் கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தினார்கள். இணைப்பு வலுப்படவே இல்லை. கால்சியம் உள்ளே வராவிட்டால் பாடம் பதியாது என்பது அன்றே உறுதியானது.

உள்ளே வரும் வாசலின் பெயர் என்.எம்.டி.ஏ. ஏற்பி. இதன் அமைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அனுப்பும் செல்லிலிருந்து குளூட்டமேட் என்ற தூதுப்பொருள் வந்து ஒட்டினால் மட்டும் இந்த வாசல் திறக்காது. துளையின் நடுவில் ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். வாங்கும் செல் அதே கணத்தில் தானும் விழித்திருந்து அதன் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால்தான் மெக்னீசியம் வெளியே தள்ளப்படும். அதாவது, அனுப்புபவர் ஒரு சாவி, வாங்குபவர் ஒரு சாவி, வங்கி லாக்கர் மாதிரி. 1984-இல் இதைப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தனித்தனிக் குழுக்கள் கண்டுபிடித்தன. சேர்ந்து எழும் செல்களின் இணைப்பு வலுப்படும் என்று ஹெப் ஊகித்ததை ஒரே ஒரு புரத மூலக்கூறு செய்து முடிக்கிறது. 1986-இல் ரிச்சர்ட் மோரிஸ் இந்த வாசலை மருந்தால் அடைத்து, பால் கலந்து கலங்கலாக்கிய தண்ணீர்த் தொட்டியில் எலிகளை நீந்தவிட்டார். நீருக்கடியில் மறைந்திருந்த மேடை எங்கே என்று அவை கற்றுக்கொள்ளத் திணறின.

பாய்ந்து வந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தில் நான்கு நான்காகப் போய் அமர்கிறது. அது எழுப்பிவிடுவது காம்-கைனேஸ்-2 என்ற நொதி. பன்னிரண்டு இதழ்கள் கொண்ட பூ மாதிரியான வடிவம். ஹிப்போகாம்பஸின் மொத்தப் புரதத்தில் 2 சதவீதம் அளவுக்கு இதுவே இருக்கிறது. ஓர் இதழ் எழுந்தால் பக்கத்து இதழைத் தொட்டு எழுப்பும். கால்சியம் போன பிறகும் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். நினைவின் முதல் சுவிட்ச் இதுவாக இருக்கலாம் என்று ஜான் லிஸ்மன் எண்பதுகளிலேயே வாதிட்டார். 1992-இல் இந்த நொதியின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் இடத்தை நினைவில் வைக்கத் தவறின. 1998-இல் அந்த நொதியின் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினார்கள், அதே தவறுதல். அந்த நொதி வேதிவினை புரிந்து வேலை செய்கிறதா, வெறுமனே இணைப்பைத் தாங்கிப் பிடித்து வேலை செய்கிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இங்கே பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது. கால்சியம் பெருமளவில் சட்டென்று வந்தால் இணைப்பு வலுப்படும். அதே கால்சியம் கொஞ்சமாக, மெதுவாக, நெடுநேரம் கசிந்தால் கால்சிநியூரின் என்ற வேறொரு நொதி எழுந்து அதே இணைப்பைத் தளர்த்தும். வெள்ளமாகப் பாய்ந்து வெளியேறாமல் நின்றால் செல்லே செத்துப்போகும். பக்கவாதத்தின்போது மூளை அழிவதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. ஒரே அயனியே பதியவும் வைக்கிறது, மறக்கவும் வைக்கிறது, கொல்லவும் செய்கிறது. எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்பதே எல்லாம். "கால்சியம் மூளைக்கு நல்லது" என்ற வாக்கியம் பொருளில்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

நாற்பது கிலோமீட்டர் தொலைவில்

ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகும் சாலைக்கு அங்கே ஓசூர் சாலை என்றே பெயர். நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் எல்லையின் இந்தப் பக்கமிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறிப் போகாத ஊர் இங்கே இல்லை. நகரத்தின் வடகோடியில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், கால்சியம் பற்றி உலகம் கவனிக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன.

அங்கே கெய்தி ஹசனின் ஆய்வகம் பல ஆண்டுகளாகப் பழ ஈக்களை வைத்து ஒரு கேள்வியைத் துரத்திவருகிறது: செல்லின் உள்கிடங்கிலிருந்து கால்சியம் வெளிப்படும் கதவு பழுதானால் நரம்புகளுக்கு என்ன ஆகும்? கதவு பழுதான ஈக்களால் பறக்க முடியவில்லை. கிடங்கு காலியானதும் வெளியிலிருந்து கால்சியத்தை வரவழைத்து நிரப்பும் வழி ஒன்று உண்டு. அந்த வழியைச் சீராக்கியபோது ஈக்கள் மறுபடி பறந்தன என்று 2009-இல் காட்டினார்கள். மாம்பழக் கூழ் ஆலைகளைச் சுற்றி ஈ மொய்க்கும் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது அந்தச் சிறு பூச்சிமேல் ஒரு மரியாதை வருகிறது. அதே மையத்தின் உபிந்தர் பல்லா, 1999-இல் ரவி ஐயங்காருடன் சேர்ந்து, செல்லுக்குள் ஓடும் வேதிச் செய்திப் பாதைகளைக் கணினியில் இணைத்துப் பார்த்தார். தனித்தனியே சாதாரணமாக இருந்த பாதைகள் ஒன்றுசேர்ந்ததும், நொடிப்பொழுது வந்துபோன தூண்டலை நெடுநேரம் தக்கவைக்கும் சுவிட்சாக மாறின. கால்சியம் வந்துபோவது நொடிகளில். நினைவு நிற்பது ஆண்டுக்கணக்கில். இரண்டுக்கும் நடுவில் உள்ள பாலத்தைப் பற்றிய ஆய்வு அது.

முதுமை மறதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். வயதாக ஆக நரம்புச் செல்லின் கால்சியக் கட்டுப்பாடு தளர்கிறது, அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இது இருக்கலாம் என்ற கருதுகோளை ஸாவன் கச்சட்டூரியன் எண்பதுகளில் முன்வைத்தார். 1989-இல் கால்சிய வாயிலை அடைக்கும் நிமோடிபின் மருந்து கொடுத்த கிழட்டு முயல்கள் விரைவாகக் கற்றன. மனிதர்களிடம் அந்தப் பலன் நிலைநாட்டப்படவில்லை. நம்மூர் மருத்துவர்களும் எழுதித்தரும் மெமாண்டின், என்.எம்.டி.ஏ. வாசலைப் பாதியளவு சாத்தி வைக்கும் மருந்து. நோயைக் குணமாக்காது, ஓரளவு தாக்குப்பிடிக்க வைக்கும். இந்த மருந்துகள் எதுவும் கால்சியத்தைக் கூட்ட முயலவில்லை, கட்டுப்படுத்தவே முயல்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஆள்மாறாட்டம்

மூளையின் ஒழுங்கைக் குலைக்கும் பொருள் என்று தொடக்கத்தில் சொன்னது காரீயத்தை. தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்கள். வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. பேட்டரித் தகடு காரீயம். பேச்சில் இரண்டும் ஈயம்தான். விலை குறைத்துச் செய்யும் பட்டறையில் இரண்டும் கலந்தும்விடலாம். புளிப்பான ரசம் காரீயத்தை நன்றாகக் கரைக்கும். எங்கிருந்து வந்த சொம்பு என்று தெரியாவிட்டால் அதைப் பரணில் ஏற்றிவிடுவதே நல்லது.

காரீயம் மூளைக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி அது கால்சியத்தைப் போல இருப்பதிலிருந்து பிறக்கிறது. இரண்டுக்கும் இரட்டை நேர்மின்னூட்டம். பருமனும் கிட்டத்தட்ட ஒன்றே. குடலில் இரும்பும் கால்சியமும் ஏறும் அதே படிக்கட்டில் ஏறுகிறது. கால்சியம் போகும் வாயில்கள் வழியே மூளைச் செல்லுக்குள் போகிறது. அங்கே போய் மூன்று இடங்களில் குழப்பம் செய்கிறது. என்.எம்.டி.ஏ. வாசலில் நின்று வழியை மறிக்கிறது. உரிய நேரத்தில் வரவேண்டிய கால்சியம் வருவதில்லை. கால்மோடுலினிலும் புரத கைனேஸ்-சி என்ற நொதியிலும் கால்சியத்தின் ஆசனத்தில் தானே ஏறி அமர்ந்து, யாரும் எழுப்பாத நேரத்தில் அவற்றை எழுப்பிவிடுகிறது. அந்த நொதியைக் கிளப்ப எவ்வளவு அற்ப அளவு காரீயம் போதும் என்பதை மார்க்கோவாக், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1988-இல் காட்டியபோது துறையே திடுக்கிட்டது. அனுப்பும் செல்லின் முனையில், தூதுப்பொருளை எப்போது கொட்டுவது என்று தீர்மானிக்கும் சினாப்டோடாக்மின் புரதத்தையும் அது கால்சியத்தைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. விளைவு: சேதி வரும்போது தூதுப்பொருள் குறைவாகக் கொட்டுகிறது, சேதி வராதபோது தானாகக் கசிகிறது. பின்னிரவு அமைதி என்று முன்னால் சொன்னேனே, அது கெட்டுப்போகிறது.

எவ்வளவு காரீயம் வேண்டும் இதற்கு? மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இரத்தம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரணத்தைத் தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கணக்கிட்டால் அந்தக் குழந்தையின் இரத்தம் முழுவதிலும் 50 மைக்ரோகிராம். பொடியுப்பின் ஒரு பரல் ஏறக்குறைய அவ்வளவு எடை. அமெரிக்காவில் இந்த எல்லை 1991-இல் 10 ஆக இருந்தது, 2012-இல் 5 ஆனது, 2021-இல் 3.5 ஆனது. எல்லை இறங்கிக்கொண்டே வருவதற்குக் காரணம், எந்த அளவிலும் பாதிப்பில்லை என்று சொல்ல முடியாமல் போனதுதான். ஹெர்பர்ட் நீடில்மன் 1979-இல் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் காரீயம் அளந்து, அதிகம் இருந்த பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்ததைக் காட்டினார். 2005-இல் பல நாடுகளின் 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றாக அலசியபோது, இரத்தக் காரீயம் 2.4-இலிருந்து 10 ஆக உயர்ந்த இடைவெளியிலேயே ஏறக்குறைய 4 புள்ளிகள் இழப்பு தெரிந்தது. முதல் சில மைக்ரோகிராம்களே மிக அதிகமாகப் பறிக்கின்றன.

இதைவிட என்னைக் கலங்கவைப்பது 2001-இல் வந்த இன்னொரு முடிவு. இரத்தக் காரீயம் மிகுந்த 780 குழந்தைகளில் ஒரு பாதிக்கு அதை வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் அளவு இறங்கியது. அறிவுத்திறன் மதிப்பெண் ஏறவில்லை. வளரும் மூளையில் வாசல்கள் தப்பாகப் பொருந்திவிட்டால் பிறகு குற்றவாளியை வெளியேற்றியும் பயனில்லை.

டி.வி.எஸ். 50 ஓடிய பெட்ரோல்

எழுபதுகளில் ஓசூருக்குச் சிப்காட் வந்தது. 1980-இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் புறப்பட்டது. அசோக் லேலண்ட் லாரிகளும் இங்கே உருவாகத் தொடங்கின. இந்த ஊரை வளர்த்த வண்டிகள் இவை. அந்நாளில் இந்தியப் பெட்ரோலில் காரீயம் கலந்திருந்தது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளின் புழுதியில் அது படிந்தது. பெட்ரோல் காரீயத்துக்கு எதிராக இந்தியாவில் எழுந்த முக்கியமான குரலுக்கும் நம் மாவட்டத்துக்கும் தொடர்புண்டு. ஓசூரை அடுத்த பாலிகானப்பள்ளியில் 1997-இல் சாந்தி பவன் உறைவிடப் பள்ளியைத் தொடங்கிய ஆபிரகாம் ஜார்ஜின் அறக்கட்டளை, அதே ஆண்டுகளில் ஏழு நகரங்களில் 22,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியலாளர் துப்பில் வெங்கடேஷ் அந்த வேலையின் முதுகெலும்பு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட நகர்ப்புறக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். 1999-இல் பெங்களூரில் இதற்காகச் சர்வதேச மாநாடு கூடியது. 2000-இல் நாடெங்கும் காரீயமில்லாப் பெட்ரோல் வந்தது.

பெட்ரோலில் காரீயம் நின்றதோடு கதை முடிந்தது என்று பலரும் நினைத்தோம். சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி இரத்தக் காரீயம் 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அளவு கூடிய குழந்தைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடுதலாக இருப்பதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 2020-இல் யுனிசெஃப் அறிக்கை, இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகள் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது? பழைய பெயின்ட்: அதில் காரீயத்துக்கு 90 பி.பி.எம். என்ற எல்லை நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான், அதற்கு முன் அடித்த சன்னல்கள் இன்னும் உரிந்துகொண்டிருக்கின்றன. நிறமேற்றிய மஞ்சள்தூள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேட்டரி. 2012-இல் மின்வெட்டு வாட்டியபோது கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஒவ்வொரு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் எடையில் பாதிக்கு மேல் காரீயம். நான்கைந்து வருடத்தில் அது காயலான் கடைக்குப் போகும். அதிலிருந்து உரிமம் பெற்ற உருக்காலைக்குப் போனால் நல்லது. 2001-இலேயே பேட்டரி விதிகள் வந்தன, 2022-இல் உற்பத்தியாளரையே பொறுப்பாக்கும் புதிய விதிகளும் வந்தன. ஆனால் காரீயத்துக்கு எப்போதும் விலை உண்டு. விலை உள்ள எதுவும் குறுக்கு வழியிலும் போகும்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வெளியே அப்படி ஓர் இடத்தைப் பார்த்தேன். இளைஞர் ஒருவர் கோடாரியால் பேட்டரிப் பெட்டியைப் பிளந்து, அமிலத்தை மண்ணில் சாய்த்துவிட்டு, தகடுகளை வெறுங்கையால் எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். அமிலம் சாய்ந்த இடத்தில் புல் இல்லை. சாயங்காலம் அவர் கையை உதறிவிட்டு அதே சட்டையோடு வண்டியில் ஏறிப் போனார். வீட்டில் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் காரீயத்தை உறிஞ்சும். பேட்டரியோ உலோகமோ கையாளும் வேலைக்குப் போகிறவர்கள் வேலைச் சட்டையை வீட்டுக்கு எடுத்துவராமல், குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்லத்தான் வேண்டும்.

களியின் பங்கு

இப்போது அந்த மருந்துக்கடை அம்மாவின் களிக்கு வருகிறேன். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. ஒரே தெருவில் மூன்று பெயரும் கேட்கும் ஊர் இது. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. ராகி நினைவாற்றலைக் கூட்டாது. ஆனால் குடலில் கால்சியமும் இரும்பும் குறைவாக இருந்தால் அந்தப் படிக்கட்டு காலியாக இருக்கும், காரீயம் எளிதாக ஏறும். வயிற்றில் களியும் கீரையும் இருந்தால் ஏற இடம் குறையும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இரும்பின் பக்கம் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பது புரியும். ஆகவே களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் மூளைக்கு நல்லவையே, கடைக்காரர் நினைத்ததைவிட வேறொரு காரணத்துக்காக.

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். உடம்பில் புகுந்த காரீயம் கால்சியம் என்று நம்பப்பட்டு எலும்பில் சேமிக்கப்படுகிறது. அங்கே பத்து இருபது ஆண்டுகள் கிடக்கும். அவர்கள் கருவுறும்போது சிசுவின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைந்து கால்சியம் கொடுக்கும். கூடவே பழைய காரீயமும் வரும். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது இரத்தக் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை வீட்டு அலமாரியில் போட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கேட்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கு மூளையைக் காக்கும் வேலை எங்காவது உண்டென்றால் அது இங்கேதான், பரீட்சை மேசையில் அல்ல.

பல்லில் தெரிந்தது, தெரியாதது

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு பழைய எதிரி ஃபுளோரைடு. நம் கருங்கல் பாறையில் அது இருக்கிறது. நிலத்தடி நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்தே நிற்கும். செல்லுக்குள் நடந்த கதை மண்ணுக்குள்ளும் நடக்கிறது. சென்னை மாகாணத்தில் ஃபுளோரைடு நோய் முதலில் பதிவானது 1937-இல். மாணவர்களின் காவியேறிய பற்களும் வளைந்த கால்களும் கண்ணுக்குத் தெரிந்தன. கண்ணுக்குத் தெரிந்ததால் மக்கள் கேட்டார்கள். ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரியைக் கொண்டுவந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவோடு தொடர்பு தெரிகிறது என்று அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் சொன்னது. நம்முடைய பல கிணறுகள் பல தலைமுறைகளாக அந்த எல்லையைத் தாண்டியவை. மூளையில் அது எவ்வழியாக வேலை செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. போர் தண்ணீரைக் குடிக்காமல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

காரீயம் பல்லில் கறை வைப்பதில்லை, காலை வளைப்பதில்லை. கணக்கு வராத பையன், ஓரிடத்தில் உட்காராத பெண், இரண்டு முறை சொல்லியும் மறக்கும் பிள்ளை என்று வகுப்பில் கலந்துவிடுகிறது. ஆசிரியர் அதைச் சோம்பல் என்பார், வீட்டில் திமிர் என்பார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு இரத்தசோகை பார்க்க விரல் நுனியில் குத்துகிறது. ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது அதே குத்தில் இன்னும் ஒரு சொட்டு இரத்தம் போதும். கையடக்கக் கருவி மூன்று நிமிடத்தில் காரீயத்தின் அளவைச் சொல்லிவிடும். காயலான் கடைகளும் பேட்டரிப் பட்டறைகளும் நெருங்கிய பகுதிகளின் அங்கன்வாடிகளில் இந்தச் சோதனையைத் தொடங்க மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். முதலில் இரண்டு வயதுக் குழந்தைகளை, வாசல்கள் இன்னும் பொருந்திக்கொண்டிருக்கும் வயதில்.